ஒன்பதாம் திகதிப் பூச்சு

சேலை கட்டிக்கொண்டு பாறை ஏறுவது புத்தியுள்ளவர் செய்கிற வேலையல்ல. தர்சிகாவுக்கும் அது தெரியும். ஆனால் மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்று சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தது. கொண்டாட்ட வீட்டில் தந்த கதிரையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பரிசுப் பொதியைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். "ஒருக்கா மேல போயிட்டு வாறன், பிடியுங்கோ" என்று சொல்லிவிட்டு, வாசலில் தெளித்த பன்னீர் காயுமுன்பே வீட்டுக்குப் பின்னாலிருந்த ஒற்றையடிப் பாதையில் ஏறத் தொடங்கினாள்.

வீடு மேசன் கனகரத்தினத்தினுடையது. லிங்கநகரில் பாறையடி ஒழுங்கையின் கடைசி வீடு. அவருடைய ஒரே மகள் கீர்த்தனி பெரியபிள்ளையாகி, அன்று அவளுக்குச் சாமத்தியச் சடங்கு. குச்சவெளியிலிருந்து இரண்டு வான், கந்தளாயிலிருந்து ஒரு பஸ், அயல்சனம் வேறு. எப்படிப் பார்த்தாலும் நூற்றைம்பது தலைக்குக் குறையாது. வளவு முழுவதையும் மூடித் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். தோரணத்து மாவிலையை விடியற்புறத்தில் மான்கள் வந்து தின்றுவிட்டுப் போயிருந்தன. திருகோணமலை நகரத்து மான்களுக்கு அழைப்பிதழ் தேவையில்லை.

அந்தப் பந்தலுக்கு நேர் மேலேதான் கதிரைக்கல் நின்றது.

தூரத்தில் நின்று பார்த்தால் அது சாய்மனைக் கதிரை. கிட்டப் போனால் இரண்டு மாடி வீடளவு வெண்பாறை. கணக்கில் அடங்காத காலத்துக்கு முன்பு கடலடி மணலாகக் கிடந்து, பூமிக்குள்ளே வெந்து, இறுகி, பிறகு மேலே வந்த பாறை. துறைமுகத்தைச் சுற்றி நிற்கிற குன்றுகளில் பாதி இதன் உடன்பிறப்புகள். தர்சிகா புவிச்சரிதவியலாளர். தன் ஆய்வுக்கென்று இந்தக் குன்றுகளை எட்டு வருடமாக அளந்துகொண்டிருக்கிறாள். எந்தக் குன்றில் எந்தப் பக்கம் பாறை சாய்கிறது என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லுவாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

ஐப்பசிக்குச் சற்று முன்பு, பூசணிக்காய் அளவுக் கல்லொன்று மேலேயிருந்து உருண்டு வந்து அடுத்த வீட்டுக் கோழிக்கூட்டில் விழுந்தது. இரண்டு கோழி செத்தது. அயல் முழுக்க அதே கதை. அனர்த்த வேலைகளைக் கவனிக்கிற அலுவலர் ஹஸ்மி தர்சிகாவைக் கூப்பிட்டு, "மிஸ், ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ, கல்லுக்குக் கீழ அஞ்சு வீடு இருக்குது" என்றார். அவள் ஏறிப் பார்த்தாள். கதிரைக்கல்லின் முதுகுக்கும் மலைக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பிளவு ஓடியது. அது பழைய பிளவா, இப்போதும் திறந்துகொண்டிருக்கிற பிளவா என்பதுதான் கேள்வி. அதை அளக்கிற கருவிக்கு எழுதிப் போட்டிருந்தாள். அது கொழும்புக்கே வந்து சேரவில்லை. ஆகவே பழைய வழியைக் கையாண்டாள். பிளவு ஒடுங்கிய மூன்று இடத்தில் குறுக்கே சீமெந்துப் பட்டை பூசிவிடுவது. பாறை ஒரு நகக்கீறல் அளவு அசைந்தாலும் பட்டை வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

பூசுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கீழ்வீட்டிலேயே மேசன் இருந்தார். சாந்துக் கரண்டியோடும் வாளியோடும் அவளுக்கு முன்னே ஏறி வந்த கனகரத்தினம் பிளவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு மிஸ்?"

"சும்மா, ஒரு அடையாளத்துக்கு அண்ணை. நல்லாப் பலமாப் பூசி விடுங்கோ."

படித்தவர்களைப் பிடிக்கிற வியாதி ஒன்று உண்டு. எதிரில் நிற்பவனுக்கு விளங்காது என்று வாயைத் திறக்குமுன்பே தீர்மானித்துவிடுவார்கள். தர்சிகா நல்ல பெண்தான், ஆனால் அன்று அந்த வியாதி அவளுக்கும் இருந்தது. சொன்னால் சனம் வீணாகப் பயப்படும் என்று தனக்கே ஒரு நியாயமும் வைத்துக்கொண்டாள். மேசன் மறுபேச்சுப் பேசவில்லை. கோவில் வாசற்படிக்குப் பூசுகிற பக்குவத்தில் மூன்று பட்டையும் பூசி, பஞ்சால் தடவி மினுக்கிக் கொடுத்தார். அவள் ஆணியால் ஒவ்வொன்றிலும் திகதி கீறினாள்: 9/10.

அதன் பிறகு ஆறு வியாழக்கிழமை ஏறினாள். ஆறு முறையும் பட்டைகள் முழுதாக இருந்தன. படம் எடுத்தாள், கொப்பியில் 'அசைவில்லை' என்று எழுதினாள். ஹஸ்மி அதை வைத்து ஓர் அறிவித்தல் அடித்து, அவளுடைய கையொப்பத்தோடு ஒழுங்கை முகப்புக் கடையில் ஒட்டிவிட்டார். கோழிக்கூட்டுக்காரர் புதிய கோழிகள் வாங்கினார். இன்று காலை எட்டு மணிக்கும் ஹஸ்மி போன் எடுத்துக் கேட்டார்:

"மழை பேயாப் பெய்யுது மிஸ். அந்த அஞ்சு வீட்டுச் சனத்தை வீட்டை விட்டு எழுப்பவோ?"

"தேவையில்லை. முந்தநாளும் பாத்தனான். ஒரு மயிரிழை கூட வெடிக்கேல்லை."

அப்படிச் சொன்னவள்தான் இப்போது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வழுக்குகிற பாறையில் நாலு காலில் ஏறிக்கொண்டிருந்தாள்.

மேலே போனதும் முதலில் கண்ணில் பட்டது சாக்குகள். மூன்று ஈரச் சாக்கு, மூன்று பட்டையின் மேலும் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. புதுச் சீமெந்து காய்ந்து வெடிக்காமல் இருக்க மேசன்மார் கட்டுகிற சாக்கு. ஆறு கிழமைப் பழைய பூச்சுக்கு யாரும் சாக்குக் கட்டமாட்டார்கள்.

நடுப்பட்டையின் கயிற்றை அவிழ்த்து சாக்கைத் தூக்கினாள். கீழே இருந்தது கரும்பச்சை நிறத்தில் ஈரம் காயாத சீமெந்து. நகத்தால் கீறினாள், நகத்துக்குள் சாந்து வந்தது. அதன் நடுவில், கவனமாக, அவள் எழுதுவது போலவே கீறியிருந்தது: 9/10.

யாரோ அவளுடைய பூச்சை உடைத்துவிட்டு, புதிதாகப் பூசி, திகதியையும் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் ஆறு வியாழனும் அவள் படம் எடுத்தது எதை?

போனைத் திறந்து முதல் நாள் படத்தைத் தேடினாள். அளவு தெரிவதற்காகப் பிளவின் குறுக்கே தன் நீலப் பேனையை வைத்து எடுத்த படம். பேனையின் மூடி ஒரு கரையில், அடி மறுகரையில், பாலம் போட்டதுபோலக் கிடந்தது. அதே இடத்தைக் கண்டுபிடித்து அதே பேனையை எடுத்துக் குறுக்கே வைத்தாள்.

பேனை உள்ளே விழுந்தது. எங்கேயோ அடித்து, எங்கேயோ தட்டுப்பட்டு, பிறகு சத்தமே இல்லை.

கீழே ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் தொடங்கியது. தகரப் பந்தலின் முதுகு அவளுடைய காலடியில் பளபளத்தது. அதற்கப்பால் துறைமுகத்துத் தண்ணீர், ஒரு கப்பல், மறுபடி கறுத்துக்கொண்டு வருகிற வானம். ஹஸ்மிக்கு அழைத்தாள். எடுக்கவில்லை. 'கல் அசையுது. உடனே வாங்கோ' என்று எழுதி அனுப்பிவிட்டு இறங்கினாள். இறங்கினாள் என்பதைவிடச் சறுக்கினாள் என்பதே சரி. முழங்கை உரிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

குசினிக்குப் பின்னால் பெரிய கிடாரங்களில் சோறு வெந்துகொண்டிருந்தது. சமையல்காரர்களுக்கு நடுவே பட்டு வேட்டியும் சந்தனமுமாக நின்ற கனகரத்தினத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மதிலோரம் போனாள்.

"மேல சாக்குக் கட்டினது ஆர் அண்ணை?"

மனிதரின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அது போதும், அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"நீங்கள்தான் என்ன? சடங்கு வருகுது, நடுவில எழும்பிப் போகச் சொல்லிப்போடுவினம் எண்டு பயந்து பூசி மறைச்சனீங்கள். திகதியும் போட்டிருக்கிறீங்கள்! நூற்றைம்பது சனத்தைக் கூப்பிட்டு அந்தக் கல்லுக்குக் கீழ இருத்தி வச்சிருக்கிறீங்கள். உங்கட பிள்ளையும் அதுக்குள்ளதானே இருக்கிறாள்!"

"ஐயோ மிஸ், என்ன கதை இது? நான் எதை மறைச்சனான்?" கனகரத்தினம் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பூச்சு வெடிச்சுப் போச்சு மிஸ். அதுதான்."

"எப்ப?"

"நீங்கள் பூசச் சொல்லி ரெண்டாம் கிழமையே. கலவையில மணல் கூடிப்போச்சாக்கும் எண்டு நினைச்சன். உங்களுக்குச் சொல்ல வெக்கம். நல்லாப் பலமாப் பூசுங்கோ எண்டு சொன்னனீங்கள், நான் பூசினது பதினைஞ்சு நாள் நிக்கேல்லை. கொத்திப் போட்டுத் திரும்பப் பூசினனான். பிறகும் வெடிச்சுது. இண்டைக்கோட நாலு தரம். நீங்கள் வியாழன் வாறதுக்கு முதல் காயவேணும் எண்டு செவ்வாயில விடியப்புறம் எழும்பிப் போய்ப் பூசுவன். இண்டைக்கு சனம் வருகுது, ஆரும் மேசன்மார் ஏறிப் பாத்தா என்ன நினைப்பினம்? அதுதான் விடிய போய்…"

தர்சிகா பிடித்திருந்த அவருடைய கையை விட்டாள்.

"திகதி நீங்கள் போட்டது, அது உங்கட அடையாளம்தானே, அழியக்கூடாது எண்டு அப்பிடியே கீறினனான்" என்று முடித்தார் அவர். பிறகு, கொஞ்சம் நிமிர்ந்து, "ஆனா இந்தமுறை வெடிக்காது மிஸ். ஒண்டுக்கு மூண்டு கலவை. ஆத்து மணல், ரெண்டு தரம் அரிச்சது. வேணுமெண்டா வாங்கோ, பாப்பம்" என்றார்.

சடங்கு வீட்டுத் தகப்பன் நல்லநேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்பு பாறை ஏறுவதைச் சமையல்காரர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் அவளைவிட வேகமாக ஏறினார். தன் கைவேலையைச் சந்தேகிக்கிற ஒருத்திக்குக் காட்டிக்கொடுக்க வேண்டிய அவசரம் அவருக்கு.

மழை தூறத் தொடங்கியிருந்தது. நடுப்பட்டை அவள் விட்டுப்போனபடி சாக்கில்லாமல் கிடந்தது. கனகரத்தினம் குனிந்தார். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே, தலைமயிர் கிடந்ததுபோல, ஒரு கோடு. அரை மணிக்கு முன்பு அவள் பார்த்தபோது அது இருக்கவில்லை.

அவர் கட்டைவிரலைக் கோட்டின் குறுக்கே வைத்து மெதுவாகத் தடவினார். திரும்பவும் தடவினார். பிறகு மேல்பட்டையின் சாக்கை அவிழ்த்து அதையும் தடவினார். இருபத்தெட்டு வருடம் சுவர் தடவிய விரல் அது. மட்டக்கோலுக்குத் தெரியாததும் அதற்குத் தெரியும்.

"மிஸ்," என்றார். குரல் மாறியிருந்தது. "கலவை பிழைச்சு வெடிச்சா ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்தில நிக்கும். இது அப்பிடி இல்லை. இந்தப் பக்கம் இறங்கியிருக்கு. விரலில தட்டுது."

"ஓம் அண்ணை."

"ஒவ்வொரு தரமும் இருட்டுக்குள்ள வந்து அவசரமாக் கொத்திப் போட்டுப் பூசினனான். வடிவாப் பாக்கேல்லை. கல்லுத்தான் போகுது, என்ன?"

"கல்லுத்தான் போகுது. அது போகுதோ எண்டு பாக்கத்தான் அண்ணை பூசச் சொன்னனான். கல் அசைஞ்சா பூச்சு வெடிக்கும். வெடிச்சா உங்களை எல்லாம் எழுப்பவேணும்."

கனகரத்தினம் கரண்டி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, வெடிக்கிறதுக்காகப் பூசினதோ?"

"ஓம்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே மிஸ்."

அவளுக்கு வெட்கம் நெருப்பாகக் காதுவரை ஏறியது. உள்ளே, பிளவின் ஆழத்தில், அரிசியைச் சுளகில் கொட்டியதுபோலச் சின்னக் கற்கள் சரசரவென்று இறங்கிய சத்தம் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த கணம் கீழே ஓடிக்கொண்டிருந்தார்கள். முதலில் அணையவேண்டியது அடுப்பு என்று கனகரத்தினம் போகிறபோக்கில் சமையல்காரர்களுக்குக் கத்தினார். அவர்கள் தண்ணீர் வாளியைக் கையில் எடுத்தார்கள்.

பந்தலுக்குள் பெண்ணைக் கொண்டுவந்து பலகையில் இருத்தியாயிற்று. தண்ணி வார்த்து, சேலை மாற்றி, ஆலத்திக்குத் தட்டுகள் வரிசையாகக் காத்திருந்தன. தாய்மாமன் பிரகலாதன் கையில் தேங்காயோடு நின்றார். தர்சிகா நடுவே போய் நின்று, மூச்சு வாங்க, "எல்லாரும் உடனே வெளிக்கிட வேணும். மேல கல் அசையுது" என்றாள்.

சிலர் மேலே பார்த்தார்கள். மேலே தகரம்தான் தெரிந்தது. சிலர் அவளுடைய சேற்றுச் சேலையைப் பார்த்தார்கள்.

"மிஸ், பகிடி விடாதேங்கோ" என்றார் பிரகலாதன். "நல்லநேரம் முடிய நாப்பது நிமிசம்தான் கிடக்கு. கல்லு அசையேல்லை, பயப்பிட வேண்டாம் எண்டு நீங்கள்தானே கையெழுத்துப் போட்டு முன்கடையில ஒட்டியிருக்கிறீங்கள்? வரேக்க நானே வாசிச்சிட்டு வந்தனான்."

"அது பிழை."

"அப்ப இதுவும் பிழையா இருக்கலாம்தானே? ஆலத்தியை முடிப்பம், பிறகு பாப்பம்." கூட்டம் சிரித்தது. யாரோ வீடியோக்காரனுக்கு வெளிச்சத்தைச் சரிபார்க்கச் சொன்னார்கள்.

தர்சிகா ஒருவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவர் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டார். அவளுக்கு அழுகை முட்டியது. நாதஸ்வரப் பாட்டு சட்டென்று நின்றது. மைக் கீச்சிட்டது. ஒலிபெருக்கிக்காரனைத் தள்ளிவிட்டுக் கனகரத்தினம் நின்றார்.

"எல்லாரும் கேளுங்கோ" என்றார். அவர் மைக்கில் பேசிப் பழக்கமில்லாதவர். சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. "உங்களில பாதிப்பேரின்ர வீடு நான் கட்டினது. மற்ற மேசன்மாரும் இஞ்ச வந்திருக்கிறீங்கள். மேல கல்லில நான் பூசின பூச்சு வெடிச்சது. ஒருக்கா இல்லை, நாலு தரம். என்ர கைவேலை பிழைச்சுப் போச்செண்டு வெக்கத்தில, ஒருத்தருக்கும் சொல்லாமல், நாலு தரமும் களவாப் போய்ப் பூசினனான். அதைப் பாத்துத்தான் மிஸ் கல்லு அசையேல்லை எண்டு எழுதினவ. இப்ப நானே விரல் வச்சுப் பாத்திட்டு வாறன். கல்லு இறங்குது. நான் சொல்லுறன், எழும்புங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. கந்தளாயிலிருந்து வந்த வயதான மேசன் ஒருவர் முதலில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். தன் வேலை பிழைத்தது என்று ஒரு மேசன் மற்ற மேசன்மாருக்கு முன்னால் மைக்கில் சொல்லுகிறான் என்றால் விளையாட்டல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் உண்மையில் கூட்டத்தைக் கிளப்பியது பூரணிதான், கனகரத்தினத்தின் மனைவி. அவள் புருசன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பலகையில் இருந்த மகளை எழுப்பி, ஆலத்தி எடுக்காத பிள்ளையைத் தெருவுக்குக் கொண்டு போகிறாளே என்று யாரோ பெண் பதறியதைக் காதில் வாங்காமல், சீர்த்தட்டில் கிடந்த சேலை ஒன்றை மகளின் தலையோடு போர்த்தி, கையைப் பிடித்து வாசலைத் தாண்டினாள். பெண்ணே போனபிறகு பந்தலில் யாருக்கு என்ன வேலை? சனம் அள்ளுப்பட்டு வெளியே வந்தது. பிரகலாதன் உடைக்காத தேங்காயோடு ஓடிப்போய் வானை எடுத்து, நடக்கமாட்டாதவர்களை ஏற்றினார். தர்சிகா மற்ற நாலு வீட்டுக் கதவையும் தட்டினாள். கோழிக்கூட்டுக்காரர் கோழிகளைப் பிடிக்க நின்றார். அவரைச் சட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

சந்திப் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் எல்லோரும் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டே கால்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்தது. பன்னிரண்டரை ஆயிற்று, நல்லநேரம் போயிற்று. ஒரு மணி ஆயிற்று. குழந்தைகள் பசிக்கு அழுதன. மண்டப வாசலிலிருந்து பார்த்தால் கதிரைக்கல் மழைக்குள்ளே வெள்ளையாக, யார் வீட்டிலோ நடக்கிற சண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோலச் சும்மா நின்றது.

"அது அங்கதானே நிக்குது" என்று முணுமுணுப்புக் கிளம்பியது. "சோறு கிடாரத்தோட பழுதாகுது." "எடுத்துக்கொண்டாவது வருவமே, பத்து நிமிச வேலை." நாலைந்து ஆண்கள் வெளிக்கிட்டார்கள்.

ஒழுங்கை முகப்பில், அவளுடைய கையொப்பம் ஒட்டிய அந்தக் கடைக்கு முன்னால், கனகரத்தினம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். "ஒருத்தரும் உள்ள போக ஏலாது" என்றார். "என்னை அடிச்சுப் போட்டுப் போங்கோ."

தர்சிகா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கல் விழாவிட்டால்? ஒரு பிள்ளையின் சடங்கைக் கெடுத்தவள், இரண்டு முறை பொய் சொன்னவள் என்று இந்த ஊர் சாகும்வரை சொல்லும். இந்த மனிதரை நாளைக்கு ஒருவரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். விழுந்துவிடேன், விழுந்து தொலையேன் என்று மனம் சொன்னது. ஐந்து வீடு நொறுங்கவேண்டும் என்று தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது விளங்கியதும் அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

ஒன்று இருபதுக்குப் பாறை மேலிருந்த காகங்கள் எல்லாம் ஒரேயடியாக எழும்பின.

கதிரைக்கல் விழவில்லை, முதலில் குனிந்தது. கதிரையில் இருந்த யாரோ எழும்பப் போவதுபோல முன்னுக்குச் சாய்ந்தது. பிறகு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்குள் தகரம் கிழிகிற சத்தம் தனியாகக் கேட்டது. நிலம் காலுக்குக் கீழே இரண்டு தரம் குதித்தது. மழைக்குள்ளும் வெள்ளைத் தூசி எழும்பி, ஒழுங்கை வழியே வந்து எல்லோருடைய முகத்திலும் படிந்தது. அதோடு ஒரு மணம் வந்தது, கருகல் மணம். சுத்தியலால் அந்தப் பாறையை அடிக்கும்போதெல்லாம் வருகிற மணம்தான். எட்டு வருடமாக அவளுக்குப் பிடித்திருந்த மணம். அவள் அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தாள்.

பந்தல் இருந்த இடத்தில் பாறை இருந்தது. குசினி இல்லை. கனகரத்தினம் தன் கையால் கட்டிய வீட்டில் முன்சுவர் மட்டும் நின்றது. பக்கத்து இரண்டு வீடு கூரையோடு போயிருந்தன. தலைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினார்கள். ஒரு தலையும் குறையவில்லை.

ஹஸ்மி வந்தபோது இரண்டு மணி. கடற்கரைப் பக்கம் வெள்ளம் பார்க்கப் போயிருந்தாராம், போன் நனைந்துவிட்டதாம். மண்டபத்தில் ஒரு மேசையை இழுத்துப் போட்டு இருந்து, நடந்ததைக் கேட்டு எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே வந்தவர் பேனையை நிறுத்தினார்.

"அல்லாவே, பெரிய விசயம் மிஸ் இது. ஆனா மேலிடத்தில கேப்பாங்க, ஏன் முன்னமே தெரியேல்லை எண்டு. அவதானிப்புக்கு வச்ச பட்டைகளைக் குடியிருப்பாளர் ஒருவர் அனுமதியில்லாமல் மாத்திப்போட்டார். அப்பிடித்தானே எழுதவேணும்? உங்கட பேருக்கு ஒண்டும் வராது."

கனகரத்தினம் பக்கத்தில்தான் நின்றார். பட்டு வேட்டி சேறு, நெற்றிச் சந்தனம் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. எழுதினால் எழுதட்டும் என்பதுபோல நின்றார்.

அந்த ஒரு வரி எழுதினால் போதும். அவளுடைய வேலை, எட்டு வருடம், பெயர் எல்லாம் பத்திரமாக இருக்கும். தர்சிகா அதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தாள். நன்றாகவே நினைத்துப் பார்த்தாள்.

"அப்பிடி எழுதாதேங்கோ ஹஸ்மி. நான் சொல்லுறதை எழுதுங்கோ" என்றாள். "பட்டைகள் எதற்கு என்று அவதானிப்பாளர் குடியிருப்பாளர்களுக்குச் சொல்லவில்லை. கேட்டபோதும் சொல்லவில்லை. ஆறு கிழமையும் அசைவில்லை என்று எழுதியது அவதானிப்பாளரின் பிழை. கல் அசைகிறது என்பதைப் பட்டையைத் தடவிப் பார்த்து உறுதி செய்தவரும், சனத்தை வெளியேற்றியவரும் மேசன் சின்னத்தம்பி கனகரத்தினம். பேரை முழுசா எழுதுங்கோ."

ஹஸ்மி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். அவள் கையொப்பம் போட்டாள். பேனை இல்லாததால் அவருடைய பேனையை வாங்கித்தான் போட்டாள்.

அவர் கோப்பை எடுத்துக்கொண்டு போனபிறகு கனகரத்தினம் கிட்ட வந்தார். வீட்டைப் பற்றிக் கேட்பார், நட்டஈடு பற்றிக் கேட்பார் என்று அவள் நினைத்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, காலையில் மதிலோரம் பேசிய அதே தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அப்ப மிஸ், என்ர கலவையில பிழை ஒண்டும் இல்லையே?"

கிழமைக்கணக்காக இந்த மனிதர் இருட்டில் எழும்பி, தன் கைக்கு என்ன வந்தது என்று தெரியாமல், தனியே பாறை ஏறியிருக்கிறார். ஒரு சொல் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

"இல்லை அண்ணை" என்றாள். "நாலு தரமும் நல்ல பூச்சு. வெடிக்கவேண்டிய நேரத்தில சரியா வெடிச்சுது."

கனகரத்தினம் தலையை ஆட்டினார். மண்டபத்தின் மூலையில் பூரணி யாரிடமோ இரவல் வாங்கிய தட்டில் மகளுக்கு ஆலத்தி எடுக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். அவர் அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பாலர் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற சின்னக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, அதில் இருந்து, காலையிலிருந்து முதல் தடவையாக அழுதார்.